சீட் பெல்ட் கழன்று அக்காவுக்குப் பலத்த காயம்: நொறுங்கிய காரை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒப்படைக்கலாமா?

வெட்டாற்றங்கரை (திருவாரூர்), இழையைத் தொடங்கியவர்

அனைவருக்கும் வணக்கம். அவசரமாக யோசனை வேண்டும்.

தை அறுவடை நேரத்தில் அக்காவும் அத்தானும் தஞ்சாவூரிலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார்கள். நீடாமங்கலம் தாண்டி, கொரடாச்சேரிக்கு முன்னால், சாலையில் பாதியை மறைத்து வைக்கோல் கிடந்திருக்கிறது. அத்தான் ஒதுக்கி ஓட்டியபோது இடப்பக்கச் சக்கரம் மண்ணில் இறங்கி, கார் வாய்க்கால் மதகின் கைப்பிடிச் சுவரில் மோதிவிட்டது. இருவரும் பெல்ட் போட்டிருந்தார்கள். அத்தானுக்கு மார்பில் கன்றிப்போன தடம் மட்டும்தான். அக்காவுக்குத் தாடை எலும்பு முறிந்திருக்கிறது. விலா எலும்புகளும் முழங்கால் சில்லும் போய்விட்டன. இன்னும் கஞ்சியும் பழச்சாறும்தான் ஆகாரம்.

மோதி நின்றதும் அத்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார். அக்காவின் பெல்ட் பூட்டில் இல்லை. யாரும் கழற்றவில்லை. ஏர்பேக் இரண்டும் விரிந்திருக்கின்றன. சர்வீஸ் சென்டரில் கேட்டால், "அம்மா பெல்ட் போட்டிருக்க மாட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். புறப்படும்போது அக்கா பெல்ட் போட்டதை நானே பார்த்தேன்.

இப்போது இன்சூரன்ஸ் கம்பெனி வண்டி முழுச் சேதம் என்கிறது. சாவியையும் ஆர்.சி. புத்தகத்தையும் கொடுத்தால் பணம் வருமாம். பழைய இரும்பு எடுப்பவர் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போவாராம். நிறுத்தியிருக்கும் பட்டறையில் நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கிறது. கொடுத்துவிடலாமா?

---

மன்னை மெக்கானிக் (மன்னார்குடி)

கொடுக்காதீர்கள் தம்பி. அந்த வண்டி போனால் உங்கள் அக்கா பெல்ட் போட்டிருந்தார் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சி போய்விடும். இன்றைக்கே அத்தானிடம் சொல்லி, "வண்டியை அகற்ற நான் சம்மதிக்கவில்லை" என்று பட்டறைக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் நிற்காது.

அதைவிட முக்கியமானது, யாரும் அந்தப் பக்கிளை, அதாவது பெல்ட் பூட்டை, தொடக்கூடாது. பெல்ட் நுனியிலிருக்கும் உலோக நாக்கை உள்ளே செருகி, "இப்போது பூட்டுகிறதா பார்ப்போம்" என்று சோதிக்க எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். அப்படிச் செய்துவிட்டால் மோதலின்போது விழுந்த கீறல் எது, நீங்கள் செருகியதில் விழுந்த கீறல் எது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது.

தொடாமல் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். இன்றைய கார்களில் பெரும்பாலும் முன்பக்க பெல்ட்டில் பிரீடென்ஷனர் என்று ஒன்று இருக்கும். மோதிய கணத்தில் அதிலிருக்கும் சிறு வெடிமருந்து எரிந்து பட்டையை உடம்போடு இழுத்து இறுக்கும். அது ஒரே ஒரு முறைதான் வேலை செய்யும். வேலை செய்த பிறகு, பட்டையைச் சுற்றி வைத்திருக்கும் சுருள் பெரும்பாலும் அப்படியே இறுகி நின்றுவிடும். ஆள் போட்டிருந்தபோது இறுகியிருந்தால், உட்கார்ந்திருந்த ஆளின் அளவுக்குப் பட்டை வெளியே வந்து தொங்கிக்கொண்டிருக்கும், உள்ளே போகாது. போடாமல் இருந்திருந்தால், கதவோரத் தூணோடு தூணாக ஒட்டி இறுகியிருக்கும். உங்கள் வண்டியில் எப்படி நிற்கிறது?

இன்னொன்று, தோளுக்கு மேலே தூணில் பட்டை நுழைந்து வரும் வளையம். ஓர் ஆளின் எடை முழுவதும் ஒரே கணத்தில் இழுத்தால், பட்டை உராய்ந்த சூட்டில் அந்த வளையத்தின் பிளாஸ்டிக் உருகி வழவழவென்று ஒரு தடம் விழும். பட்டையிலும் அதற்கு நேரான இடத்தில் மினுமினுப்பாகக் கோடு தெரியும். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் படம் எடுங்கள். நேராக அடித்தால் தெரியாது. ஓட்டுநர் பக்கத்துப் பெல்ட்டையும் அதேபோல் எடுங்கள். ஒரே வண்டி, ஒரே மோதல், ஒன்று தாங்கியது, இன்னொன்று தாங்கவில்லை. இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது.

---

தஞ்சை செவிலி

அக்கா சீக்கிரம் குணமாகட்டும். அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் நான். மெக்கானிக் அண்ணன் வண்டியைச் சொன்னார், நான் உடம்பைச் சொல்கிறேன்.

பெல்ட் போட்டு மோதியவர்களின் உடம்பில் பட்டை அகலத்துக்கு ஒரு கன்றிய தடம் விழும். நம் ஊர்க் கார்களில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். ஆகவே அவருக்கு வலது தோளிலிருந்து இடது இடுப்பை நோக்கித் தடம் இறங்கும். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு இடது தோளிலிருந்து வலது இடுப்பை நோக்கி. தடத்தைப் பார்த்தே ஆள் எந்த இருக்கையில் இருந்தார் என்று சொல்லிவிடலாம். அக்காவுக்கு அப்படி இருந்ததா? மருத்துவமனையில் சேர்த்த அன்று உறவினர் யாராவது கைப்பேசியில் படம் எடுத்திருப்பார்கள். எல்லாரிடமும் கேளுங்கள். தடம் சில வாரங்களில் மறைந்துவிடும், படம் மறையாது.

விபத்துப் பதிவேட்டில் முதலில் பார்த்த மருத்துவர் எழுதிய குறிப்பின் நகலை வாங்குங்கள். அதன் பிறகு காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சுருக்கம், ஸ்கேன் படங்கள். "இடது காறை எலும்பின் மேல் சாய்வான கன்றல்" என்று ஒரு வரி இருந்தால் போதும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெல்ட் தடம் வயிற்றின் குறுக்கே விழுந்திருந்தால், வலி இல்லை என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். உள்ளே குடலில் காயம் இருக்கலாம், அது மறுநாள்தான் தெரிய வரும். செலவுக்குப் பயந்தும் போக வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. 2025-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்திலும் 7 நாள் வரை, 1.5 லட்ச ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு.

---

வெட்டாற்றங்கரை

மிக்க நன்றி அண்ணா, நன்றி அக்கா. பட்டறைக்குப் போய் வந்தேன். எதையும் தொடவில்லை. இடப்பக்கப் பட்டை உள்ளே போகாமல் தொங்குகிறது. மடியில் கிடந்த அளவுக்கு வெளியே நிற்கிறது. வளையத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பக்கம் மட்டும் உருகிய தடம் இருக்கிறது. பக்கிளின் சிவப்புப் பொத்தான் ஒரு மூலையில் உள்ளே அமுங்கிச் சாய்ந்து நிற்கிறது, ஓட்டுநர் பக்கம் அப்படி இல்லை.

சித்தி எடுத்த படம் ஒன்றும் கிடைத்தது. இடது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே சிவந்த தடம் தெளிவாக இருக்கிறது.

---

மன்னை மெக்கானிக்

அப்படியானால் பெல்ட் போட்டிருந்தார், முதலில் அது பிடித்தும் இருக்கிறது, பிறகு விட்டிருக்கிறது. தடம் தோளில் விழுந்திருக்கிறதே.

பெல்ட் விடுவது ஒரே விதத்தில் நடப்பதில்லை. 'கிளிக்' சத்தம் கேட்கும், ஆனால் உள்ளே கொண்டி முழுதாக விழுந்திருக்காது. சிறு இழுப்பைத் தாங்கும், பெரிய இழுப்பில் நாக்கு உருவிக்கொண்டு வந்துவிடும். அல்லது நன்றாகப் பூட்டியிருந்தும், பக்கவாட்டிலிருந்து வரும் அதிர்ச்சியிலோ முழங்கையோ வேறு பொருளோ பொத்தானில் இடித்தோ திறந்துகொள்ளும். சில நேரம் பூட்டு நன்றாகவே இருக்கும். சுருள் பூட்டிக்கொள்ளாமல் பட்டையைத் தாராளமாக விட்டுவிடும், ஆள் முன்னே போய் மோதுவார். பட்டை கிழிவதும், தரையில் முடுக்கிய போல்ட் பிடுங்கிக்கொண்டு வருவதும் உண்டு. உங்கள் வண்டியில் பொத்தான் சாய்ந்திருப்பதால் பக்கிளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அதைத் திறந்து பார்ப்பது என் வேலையும் அன்று, உங்கள் வேலையும் அன்று. ஆய்வகத்துக்குப் போகட்டும்.

நம் பகுதிக்கே உரிய ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். அந்தக் காரில் நெல் மூட்டை ஏற்றியதுண்டா? பக்கிளின் வாய் மேல்நோக்கி இருப்பதால் நெல்லும் பதரும் தூசியும் அதற்குள் விழுந்து அடியில் தங்கிவிடுகின்றன. ஊசி முனையால் கிளறினால் முழு நெல்மணியாக வந்து விழுந்த வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். கம்பெனி இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும்.

---

குடந்தை வழக்கறிஞர் (கும்பகோணம்)

என்னிடம் வழக்கு கொடுங்கள் என்பதற்காக எழுதவில்லை. உங்கள் ஊரில் நீங்கள் நம்பும் வழக்கறிஞரிடம் போங்கள். போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன, இரண்டும் வேறு வேறு. ஒன்று மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அங்கே கேள்வி, விபத்து யாரால் நேர்ந்தது என்பது. இன்னொன்று நுகர்வோர் ஆணையம். அங்கே கேள்வி, விபத்து எப்படி நேர்ந்திருந்தாலும் பெல்ட் செய்ய வேண்டிய வேலையைச் செய்ததா என்பது. கார் கம்பெனி மதகுச் சுவரில் மோத வைக்கவில்லை. ஆனால் பெல்ட் பிடித்திருந்தால் தாடை முறிந்திருக்காது என்றால், அந்தக் கூடுதல் காயத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது கம்பெனிதான். பலர் முதல் வழியோடு நின்றுவிடுகிறார்கள். பெல்ட்டைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

முதல் வழியில் நாள் முக்கியம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் கொண்டுவந்த 166(3) பிரிவு 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி விபத்து நடந்து 6 மாதத்துக்குள் மனு போட வேண்டும். அந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன. அதை நம்பி நீங்கள் காத்திருக்க வேண்டாம். தை விபத்து என்றால் ஆடிக்கு முன் மனு உள்ளே போயிருக்க வேண்டும். உங்கள் பாலிசி மூன்றாம் நபர் பாலிசி மட்டுமா, சொந்த வண்டிக்கும் சேர்த்து எடுத்த பேக்கேஜ் பாலிசியா என்று பாருங்கள். சொந்தக் காரில் பயணம் செய்தவருக்கு இழப்பீடு கேட்க பேக்கேஜ் பாலிசிதான் கைகொடுக்கும்.

நுகர்வோர் வழியில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது, 82 முதல் 87 வரை. அது 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, நிர்ணயித்த அளவிலிருந்து விலகல், போதிய எச்சரிக்கை தராதது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் 84-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் பொறுப்பு. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, பொருளில் குறை இருந்தது என்று காட்டினால் போதும். கார் அத்தான் பெயரில் இருந்தாலும், வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். ஆகவே அக்கா தன் பெயரிலேயே புகார் கொடுக்கலாம். கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம். கெடு 2 ஆண்டு.

பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். கட்டணம் மிகக் குறைவு. 5 லட்சம் வரை ஒன்றுமில்லை, 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய்.

---

ஓய்வுபெற்ற சர்வேயர் (நாகப்பட்டினம்)

வழக்கறிஞர் சொன்னது எல்லாம் சட்டப்படி சரி. ஆனால் பையனுக்கு வீண் நம்பிக்கை கொடுக்கக்கூடாது என்பதால் எழுதுகிறேன். நொறுங்கிய வண்டிகளைப் பார்த்து அறிக்கை எழுதியே வாழ்நாளைக் கழித்தவன் நான்.

கம்பெனி முதலில், பெல்ட் போடவில்லை என்று சொல்லும். அது எடுபடாது என்று தெரிந்தால், மோதல் அவ்வளவு கடுமை, எந்தப் பெல்ட்டும் தாங்கியிருக்காது என்று சொல்லும். அதுவும் போனால், வண்டியில் வெளியாள் கை வைத்துவிட்டார் என்று 87-ஆம் பிரிவைக் காட்டும். பொருளை மாற்றியமைத்திருந்தாலும் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலும் விற்றவர் தப்பிக்க அந்தப் பிரிவில் இடம் இருக்கிறது. கடைசி வாதத்தில்தான் நம் ஊர் வழக்குகள் விழும். ஏனென்றால் புது வண்டி எடுத்த மறுவாரமே சீட் கவர் கடைக்குப் போகிறோம். அவர் பின்பக்கப் பக்கிள்களை எல்லாம் கவருக்கு அடியில் செருகிவிடுகிறார். முன்பக்கப் பக்கிளைச் சுற்றியும் ரெக்சினை இழுத்துத் தைத்துவிடுகிறார். அந்தத் துணி பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது என்று ஒரு நிபுணர் எழுதிக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்?

மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையையும் வாங்கிப் பாருங்கள். பிரேக், ஸ்டீயரிங், டயர் பார்த்துவிட்டு "விபத்து இயந்திரக் கோளாறினால் நேர்ந்ததன்று" என்று முடித்திருப்பார். பெல்ட்டைப் பற்றி ஒரு சொல் இருக்காது. அந்த வரியைத்தான் கம்பெனி வழக்கறிஞர் எடுத்து ஆட்டுவார். விபத்துக்குக் காரணம் கோளாறா என்பது வேறு, காயத்துக்குக் காரணம் கோளாறா என்பது வேறு. இந்த வேறுபாட்டை நீங்கள் புகாரின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

வண்டியை ஒப்படைக்காமலே பணம் வாங்க ஒரு வழி உண்டு. கழிவு மதிப்பை, அதாவது நொறுங்கிய வண்டியை விற்றால் கிடைக்கும் விலையை, கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள், வண்டி எங்களிடமே இருக்கட்டும் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதலாம். கொஞ்சம் நஷ்டம்தான். வழக்கு வேண்டுமென்றால் அந்த நஷ்டத்தை ஏற்கத்தான் வேண்டும்.

---

வேளாங்கண்ணி டூரிஸ்ட்

ஐயா, அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். இந்த இழையைப் படித்துவிட்டு, "பெல்ட்டே நம்பக்கூடாது போலிருக்கிறது" என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக்கூடாது. நவக்கிரகக் கோயில்களுக்கும் வேளாங்கண்ணிக்கும் திருநள்ளாற்றுக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போவது என் பிழைப்பு. பின்னால் உட்காருபவர்களைப் பெல்ட் போடச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். 2022-இல் மட்டும் பெல்ட் போடாததால் நாடு முழுவதும் 16,715 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதில் 8,331 பேர் ஓட்டுநர்கள் அல்லர், உடன் வந்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின்னிருக்கையில் பெல்ட் இல்லாமல்தான் இறந்தார்.

பெல்ட் போடாவிட்டால் எழும் எச்சரிக்கைச் சத்தம் வராமல் இருக்க வெறும் நாக்கை மட்டும் வாங்கிச் செருகி வைக்கிறார்கள். அதை விற்ற ஐந்து இணையக் கடைகள்மீது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் நடவடிக்கை எடுத்து, 13,118 விற்பனைப் பக்கங்களை நீக்க வைத்தது. ஆனாலும் சாலையோரக் கடைகளில் இன்னும் தொங்குகிறது. முகூர்த்த நாளில் பெண் வீட்டாரை ஏற்றிச் செல்லும் வண்டிகளில் போய்ப் பாருங்கள். எனக்கு வயிறு எரிகிறது.

வழக்கறிஞர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. வாடகைக் கார் வைத்திருப்பவனுக்கு நுகர்வோர் ஆணையத்தில் இடம் உண்டா? வியாபாரம் என்று தள்ளிவிடுவார்களா?

---

குடந்தை வழக்கறிஞர்

உண்டு. சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டுமே வாங்கிய பொருள் என்றால் அதை வணிக நோக்கமாகக் கொள்வதில்லை என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவர் நிலை வேறு.

மோதல் கடுமை என்று கம்பெனி சொல்லும் என சர்வேயர் ஐயா எழுதிய இரண்டாவது வாதத்துக்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. ஹூண்டாய் கிரேட்டா காரில் ஏர்பேக் விரியாத வழக்கில் 2022 ஏப்ரலில் வந்த தீர்ப்பு அது. விசையையும் வேகத்தையும் கணக்கிட்டுப் பார்க்கும் இயற்பியல் வல்லுநராக நுகர்வோர் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றார்கள். புது வண்டி கொடுக்கவும், மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் 2 லட்சமும், மன உளைச்சலுக்கு 50,000-மும், வழக்குச் செலவுக்கு 50,000-மும் கொடுக்கவும் கீழ் ஆணையம் பிறப்பித்த உத்தரவு நிலைத்தது. அது ஏர்பேக் வழக்கு, பழைய 1986 சட்டத்தின் கீழ் வந்தது. ஆனாலும் உங்கள் வழக்கறிஞர் கையில் முதலில் இருக்க வேண்டிய தீர்ப்பு அதுதான்.

ஆய்வகச் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அது உங்கள் தலையில்தான் முதலில் விழும். ஆனால் தனியாக ஆள் வைத்துச் சோதித்தால் எதிர்தரப்பு ஏற்காது. 2019 நுகர்வோர் சட்டத்தின் 38-ஆம் பிரிவில், பொருளை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளுக்குள் அறிக்கை கேட்க ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. புகாரோடு சேர்த்தே, வண்டியை யாரும் அகற்றக்கூடாது என்று இடைக்கால உத்தரவும், ஆய்வகத்துக்கு அனுப்ப மனுவும் போடுங்கள்.

---

கோட்டூர் விவசாயி

வைக்கோல் கிடந்தது, வைக்கோல் கிடந்தது என்று எழுதுகிறீர்கள். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள், ஊரில் உலர்களம் போதவில்லை. அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துவிட்டு நாங்கள் எங்கே போவது? இந்த விபத்துக்கு விவசாயியைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள்.

---

வெட்டாற்றங்கரை

ஐயா, எங்கள் வீட்டிலும் நிலம் இருக்கிறது. யார்மீதும் வழக்குப் போடும் எண்ணம் எங்களுக்கு இல்லை. அக்காவும் அதைத்தான் எழுதிக் காட்டினாள். பெல்ட் ஏன் கழன்றது என்பது மட்டும் தெரிய வேண்டும்.

வழக்கறிஞர் ஐயா, எங்கள் குடும்பத்தில் இப்போது பெரிய சங்கடம் வேறு. தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டுமானால் அத்தான் கவனக்குறைவாக ஓட்டினார் என்று அக்கா எழுத வேண்டுமாமே? இரவும் பகலும் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியால் கஞ்சி ஊட்டுகிறவரைப் பற்றி அப்படி எழுத மாட்டேன் என்று அக்கா தலையை ஆட்டிவிட்டாள்.

---

குடந்தை வழக்கறிஞர்

இந்தச் சங்கடம் பல வீடுகளில் வருகிறது, அதற்காக மனுவே போடாமல் விட்டவர்களும் உண்டு. 166-ஆம் பிரிவில் போனால் ஓட்டியவரின் கவனக்குறைவைச் சொல்லத்தான் வேண்டும். அது அத்தானைத் தண்டிப்பதற்கு அன்று, பணம் கொடுப்பது இன்சூரன்ஸ் கம்பெனி. ஆனாலும் மனம் ஒப்பவில்லை என்றால் 164-ஆம் பிரிவு இருக்கிறது. யார் தவறு என்றே அங்கே சொல்ல வேண்டாம். கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், மரணத்துக்கு 5 லட்சம், நிர்ணயித்த தொகை. அதை ஏற்றுக்கொண்டால் 166 மனு அற்றுப்போகும், ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்காவின் சிகிச்சைச் செலவும் வேலை இழப்பும் 2.5 லட்சத்தைத் தாண்டும் என்றால், கையெழுத்துப் போடும் முன் நன்றாக யோசியுங்கள்.

நுகர்வோர் ஆணையத்தில் இந்தச் சங்கடமே இல்லை. அங்கே எதிர்தரப்பு கார் கம்பெனி. ஒன்று மட்டும் கவனம்: ஓரிடத்தில் பெற்ற மருத்துவச் செலவை இன்னோர் இடத்தில் மறைத்து மறுபடி கேட்கக்கூடாது. இரண்டு வழக்கும் இருப்பதை இரண்டு இடத்திலும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

கட்டணம் கொடுக்க வசதி இல்லை என்றாலும் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. திருவாரூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 எண்ணிலும் கூப்பிடலாம்.

---

சீர்காழி மிச்சிகன்

ஊர்க்காரர்களுக்கு வணக்கம். கார் உதிரிபாகத் துறையில் வேலை பார்க்கிறேன். பக்கிள் கெட்டுப்போவதெல்லாம் நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுபவர்களுக்காக எழுதுகிறேன். இங்கே அமெரிக்காவில் 1995-இல் தகாட்டா கம்பெனி செய்த பக்கிள்களுக்காக 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அமுக்கும் பொத்தானின் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கி, துண்டு உள்ளே விழுந்து, பூட்டு சரியாக விழாமல் போனது. மெக்கானிக் அண்ணன் சொன்ன நெல்மணிக் கதைக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை. சிறிய துணுக்கு உள்ளே விழுந்தாலும் ஆளைக் காக்கும்படி வடிவமைப்பது தயாரிப்பாளர் கடமை என்றுதான் நான் வாதாடுவேன்.

இந்தியாவிலும் நடந்திருக்கிறது. 2022 டிசம்பரில் மாருதி சுசுகி 9,125 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. முன்பக்க பெல்ட்டின் தோள் உயரத்தைச் சரிசெய்யும் பாகம் உடைந்து பெல்ட் கழன்றுவிட வாய்ப்பு இருந்ததாம். அடுத்த மாதமே கிராண்ட் விட்டாரா 11,177 வண்டிகள், பின்பக்க பெல்ட்டைத் தாங்கும் பிடிமானத்துக்காக. கம்பெனிகள் தாமாக முன்வந்து அழைத்தன, அதைக் குறை சொல்லவில்லை. உங்கள் வண்டியின் சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டு, திரும்ப அழைக்கும் அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்து, யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்றால், பாதி வழக்கு வென்றதுபோல்தான். இல்லையென்றாலும் மனம் தளர வேண்டாம். 2021 ஏப்ரல் முதல் 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளைக் கட்டாயமாகத் திரும்ப அழைக்கும் விதி இந்தியாவில் இருக்கிறது. அரசின் வாகன் இணையதளத்தில் உரிமையாளர் புகார் பதியலாம். ஒருவர் பதிந்தால் அது ஒரு குறை. அதே மாடலில் பலர் பதிந்தால் அரசு விசாரிக்க வேண்டிவரும்.

---

மன்னை மெக்கானிக்

ஒன்றை விட்டுவிட்டோம். ஒரு தடவை மோதிய வண்டியின் பெல்ட்டை மறுபடி பயன்படுத்தக்கூடாது. ஆனால் அந்த நொறுங்கிய வண்டிகளிலிருந்து கழற்றிய பெல்ட்தான் பழைய சாமான் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. பிரீடென்ஷனர் எரிந்துபோன சுருளைப் பிரித்து, தளர்த்தி, சுற்றிக் கொடுக்கிறார்கள். பழைய கார் வாங்குபவர்கள் பட்டையின் அடியில், சுருளுக்குப் பக்கத்தில் இருக்கும் சீட்டைப் பாருங்கள். அதில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். வண்டி 2018, பெல்ட் 2014 என்றால் எங்கிருந்தோ வந்திருக்கிறது. வெட்டாற்றங்கரை தம்பி, உங்கள் வண்டியிலும் அந்தச் சீட்டைப் படம் எடுத்துவிடுங்கள்.

---

குடந்தை வழக்கறிஞர்

நல்ல குறிப்பு. அப்படி மாற்றிய பெல்ட் என்றால் நுகர்வோர் சட்டத்தின் 85-ஆம் பிரிவில் சேவை செய்த பட்டறையும், தயாரித்தவர் யாரென்றே தெரியாத பொருளை விற்றதால் 86-ஆம் பிரிவில் கடைக்காரரும் பொறுப்புக்கு வருவார்கள். தொடக்கத்திலேயே தயாரிப்பாளர், விற்ற டீலர், கடைசியாக சர்வீஸ் செய்த இடம் மூவரையும் சேர்த்துவிடுங்கள். ஒருவர் மற்றவரைக் கைகாட்டும்போது உண்மை வெளியே வரும். சர்வீஸ் ஜாப் கார்டுகள் அனைத்தையும் தேடி எடுங்கள்.

---

வெட்டாற்றங்கரை

எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். இதுவரை நடந்தது:

கழிவு மதிப்பைக் கழித்துக்கொள்ள அத்தான் எழுதிக் கொடுத்துவிட்டார். வண்டியை எங்கள் களத்துக் கொட்டகைக்கு இழுத்து வந்து, கதவுகளையெல்லாம் பூட்டி, காகிதம் ஒட்டி, ஊர்ப் பெரியவர்கள் இருவரின் கையெழுத்தோடு படம் எடுத்திருக்கிறோம். பெல்ட் சீட்டில் உள்ள மாதமும் வண்டி தயாரான மாதமும் பொருந்துகின்றன, ஆகவே மாற்றிய பெல்ட் இல்லை. திரும்ப அழைக்கும் அறிவிப்பு எதுவும் காட்டவில்லை. சீட் கவர் கடை பில் கிடைத்தது. முன்பக்கப் பக்கிளைக் கவர் தொடவே இல்லை என்று படத்தில் தெளிவாகத் தெரிகிறது. நெல் மூட்டை ஒருபோதும் அந்தக் காரில் ஏறியதில்லை, வீட்டில் டிராக்டர் இருக்கிறது.

அக்கா நுகர்வோர் ஆணையத்துக்குத் தன் பெயரிலேயே போக முடிவு செய்துவிட்டாள். தீர்ப்பாயத்தில் எந்தப் பிரிவு என்பதை மருத்துவமனைக் கணக்கு முடிந்ததும், ஆடிக்கு வெகு முன்பே முடிவு செய்வோம். கம்பெனிக்கும் டீலருக்கும் திருவாரூர் வழக்கறிஞர் வழியாக நோட்டீஸ் இன்று விரைவுத் தபாலில் போயிருக்கிறது. பதில் வந்ததும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

---

ஓய்வுபெற்ற சர்வேயர்

பதில் வரும்போது, "எங்கள் பொறியாளரை அனுப்பி வண்டியைப் பார்க்கிறோம்" என்று எழுதுவார்கள். வரட்டும், தடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் வழக்கறிஞர் பக்கத்தில் இருக்கும்போது, தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோ எடுத்துக்கொண்டு, பக்கிளில் கை வைக்காமல் பார்த்துவிட்டுப் போகட்டும். கழற்றிக் கொண்டுபோய்ச் சோதித்துத் தருகிறோம் என்றால், ஆணையத்தின் உத்தரவு இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடக் கொடுக்காதீர்கள்.